ஐம்பத்தாறு சுருள்

ஆறு வயதுக் குழந்தை ஒன்றை அதன் தாயார் ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போகிறாள். அங்கே வெள்ளைத் தாடியுடன் கிறிஸ்துமஸ் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். குழந்தைக்கு ஒரே குதூகலம்! ஓடிப்போய்த் தாத்தாவின் முன் நிற்கிறது. அவரோ, "எனக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடேன்!" என்று கேட்கிறார்.

அன்றோடு கிறிஸ்துமஸ் தாத்தா மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னார் ஷர்லி டெம்பிள்.

அந்தப் பெயரை உங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1928-ல் காலிபோர்னியாவில் ஒரு பாங்கி உத்தியோகஸ்தரின் கடைக்குட்டியாகப் பிறந்தவள். 1935 முதல் 1938 வரை நாலு வருஷம் அமெரிக்கத் தியேட்டர் வசூலில் அவளுக்குத்தான் முதல் இடம். கிளார்க் கேபிள் போன்ற ஆணழகர்களெல்லாம் அவளுக்குப் பின்னால்தான்! அறுபதாவது வயதில், 1988-ல், 'சைல்ட் ஸ்டார்' என்று தம் கதையைத் தாமே எழுதினார்.

அந்தக் கதையில் அம்மாவுக்குத்தான் பெரிய பங்கு. இரவு தோறும் ஜெர்ட்ரூட் அம்மாள் மகளின் தலைமயிரைச் சுருட்டிச் சுருட்டி ஊசி குத்துவாள். ஐம்பத்தாறு சுருள்! ஒன்று கூடாது, ஒன்று குறையாது. (பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு இரட்டைப் பின்னல் போடுவதற்குள் நாம் படும் பாட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.) பிறகு மறுநாள் வசனத்தைப் படித்துக் காட்டுவாள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை தன் வசனத்தோடு மற்றவர்கள் வசனத்தையும் நெட்டுருப் போட்டுவிடும். 'தி லிட்டில் கர்னல்' படப்பிடிப்பில் லயனல் பாரிமோர் வசனத்தை மறந்து தடுமாற, இவள் சட்டென்று எடுத்துக் கொடுத்தாள். பெரிய நடிகருக்கு வந்ததே கோபம்!

நடிப்பு தனக்குப் பிடித்திருந்தது என்றுதான் ஷர்லி எழுதுகிறார். ஆனால் ஆரம்ப நாட்களைப் பற்றி அவர் சொல்லும் ஒரு விஷயம் என்னை இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று, நாலு வயதுக் குழந்தைகளை வைத்து அப்போது குட்டிப் படங்கள் எடுத்தார்கள். சேஷ்டை செய்கிற குழந்தைக்குத் தண்டனை என்ன தெரியுமா? ஜன்னல் இல்லாத ஓர் இருட்டுப் பெட்டி. அதற்குள் உட்கார ஒரு பனிக்கட்டி! அந்தப் பெட்டி தம்மைக் கெடுத்துவிடவில்லை, நேரம் வீணானால் பணம் வீண் என்பதைக் கற்றுக் கொடுத்தது என்கிறார் அவர். நாலு வயதில் கற்கவேண்டிய பாடமா அது?

வயதிலும் ஒரு மோசடி நடந்தது. குழந்தை நட்சத்திரம் எவ்வளவு சின்னவளோ அவ்வளவு நல்லது என்று ஸ்டூடியோ ஒரு வயதைக் குறைத்துவிட்டது. பெற்றோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பன்னிரண்டு முடிகிறது என்று அவள் எண்ணியிருந்த பிறந்தநாள் சமயத்தில்தான், "உனக்குப் பதின்மூன்று" என்று தெரிந்தது. ஒரு வருஷம் எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பாள்? அதுவரை ஸ்டூடியோவிலேயே வாத்தியாரம்மாள் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தாள். 1940-க்குப் பிறகுதான் மற்றப் பெண்களோடு வகுப்பில் உட்காருகிற சுகம் கிடைத்தது.

1950-ல், இருபத்திரண்டாவது வயதில், சினிமாவுக்கு முழுக்குப் போட்டபோது கணக்குப் பார்த்தார். சம்பாதித்தது முப்பது லட்சம் டாலருக்கு மேல். மிச்சம் 44,000! வீட்டுச் செலவு, தகப்பனாரின் முதலீடுகள் என்று எல்லாம் கரைந்துவிட்டது. இத்தனைக்கும் 1939-லேயே காலிபோர்னியாவில் இதற்கென்று சட்டம் வந்திருந்தது. சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தாயார் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குப் போட்டதன் பலன் அது. ஷர்லி வழக்குப் போடவில்லை. கோபத்தைக்கூடத் தகப்பனார் மேல் காட்டவில்லை. எனக்கு இந்தப் பெருந்தன்மை வராது, உங்களுக்கு வருமா?

பிறகு மூன்று குழந்தைகளுக்குத் தாயாகி, 1974-ல் கானா நாட்டுக்கும் 1989-ல் செக்கோஸ்லோவாகியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போய், 2014-ல் எண்பத்தைந்தாவது வயதில் காலமானார்.

1935 பிப்ரவரியில் அவருக்கென்றே ஒரு குட்டி ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். ராத்திரி வெகு நேரமாகிவிட்டது. கை தட்டல் ஓய்வதற்குள் பொம்மையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்ன ஆறு வயதுக் குழந்தை, அம்மா பக்கம் திரும்பிக் கேட்டது:

"அம்மா, இனிமேல் வீட்டுக்குப் போகலாமா?"