386-க்கு விடை கொடுத்த லினக்ஸ்

1991-ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டுக் கணினியில் ஓர் இயங்குதளத்துக்கான கெர்னலை எழுதத் தொடங்கினார். அந்தக் கணினியில் இருந்தது இன்டெல் நிறுவனத்தின் 386 சில்லு. அவர் எழுதியதுதான் லினக்ஸ். 21 ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பரில், அதே 386 சில்லுக்கான நிரல்கள் லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டன. பிறந்த வீட்டையே லினக்ஸ் ஏன் கைவிட்டது?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். சில்லு, நினைவகம், விசைப்பலகை, வட்டு போன்ற வன்பொருள்களுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று வேலையைப் பகிர்ந்து தருவது அதுவே. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் பெரிய மீத்திறன் கணினிகளிலும் இன்று இயங்குவது லினக்ஸ் கெர்னல்தான்.

இத்தனை விதமான கருவிகளுக்கு ஒரே கெர்னல் எப்படிப் பொருந்துகிறது? நிரலாளர்கள் எழுதும் மூல நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் முன், எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்று தெரிவு செய்யலாம். லினக்ஸில் இத்தகைய தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளன. ‘ஆம்’ என்றால் அந்தப் பகுதி சேரும். ‘இல்லை’ என்றால் சேராது. 386 சில்லும் இந்தப் பட்டியலில் ஒரு தெரிவாக இருந்தது.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். 386 வேண்டாதவர்கள் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் போதாதா? அதை ஏன் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திரையரங்கில் ஒரே ஓர் இருக்கைதான் மீதம் இருக்கிறது. இரண்டு முகப்புகளில் இருவர் ஒரே நேரத்தில் நுழைவுச்சீட்டு கேட்கிறார்கள். முதல் ஊழியர் ‘காலி’ என்று பார்த்து, பதிவு செய்வதற்குள் இரண்டாம் ஊழியரும் ‘காலி’ என்று பார்த்துவிட்டால், ஓர் இருக்கை இருவருக்கு விற்கப்பட்டுவிடும். கணினிக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. ‘மதிப்பை ஒப்பிட்டுப் பார், சரியாக இருந்தால் மாற்று’ என்ற இரண்டு வேலைகளையும் ஒரே கட்டளையில் முடித்தால், இடையில் வேறு எதுவும் புக முடியாது. 1989-இல் வந்த 486 சில்லில் இந்தக் கட்டளை உண்டு. 1985-இல் வந்த 386 சில்லில் இல்லை.

ஆகவே 386-க்காக மட்டும் நிரலாளர்கள் ஒரு மாற்று வழியை எழுதி வைத்திருந்தார்கள். அது மற்ற இன்டெல் சில்லுகளுக்கான நிரலோடு பின்னிக் கிடந்தது. அந்தப் பகுதியில் எதை மாற்றினாலும் மாற்று வழியையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. ‘இல்லை’ என்று தெரிவு செய்தால் உங்கள் கணினியில் சுமை குறையும். நிரலைப் பராமரிப்பவரின் சுமை குறையாது.

சோதனையும் கடினமாகிறது. 10 தெரிவுகளை ‘ஆம்’, ‘இல்லை’ என்று மாற்றி மாற்றி அமைத்தால் 1,024 விதமான கெர்னல்கள் கிடைக்கும். 20 தெரிவுகள் என்றால் ஒரு மில்லியனுக்கும் மேல்! இன்டெல் 2007-இலேயே 386 தயாரிப்பை நிறுத்திவிட்டது. சோதித்துப் பார்க்கக் கணினியே அரிதாகிவிட்டால், நிரலில் பிழை புகுந்தாலும் யாருக்கும் தெரியாது.

இதனால் இங்கோ மோல்நார் என்ற நிரலாளர் 386-ஐ நீக்கும் மாற்றத்தை அனுப்பினார்; டோர்வால்ட்ஸும் அதை ஏற்றார். 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பில் 386 இல்லை. பின்னர் 2018-இல், பயன்பாடு ஓய்ந்துபோன எட்டு வகைச் சில்லுகளுக்கான நிரல்கள் 4.17 பதிப்பில் ஒரே தடவையில் நீக்கப்பட்டன.

பழையவை எல்லாம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். 386-இன் காலத்தைச் சேர்ந்த மோட்டோரோலா 68கே சில்லுகளுக்கு லினக்ஸில் இன்னும் இடம் உண்டு. அவற்றின் நிரல் பெரும்பாலும் தனியே இருக்கிறது. அதைச் சோதித்துப் பராமரிக்க ஆர்வலர்களும் இருக்கிறார்கள். ஒரு தெரிவு நிலைப்பதும் நீங்குவதும் அதன் வயதை மட்டும் பொறுத்ததன்று. அதைக் கவனிக்க ஆள் உண்டா, அதனால் மற்றவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்பதையும் பொறுத்தது.

386 கணினி வைத்திருப்பவர் 3.7 அல்லது அதற்கு முந்திய பதிப்பை இன்றும் பயன்படுத்தலாம். நீக்கப்பட்ட நிரலும் பழைய பதிப்புகளில் பத்திரமாக இருக்கிறது. ஆனால், புதிய வசதிகளும் புதிய பாதுகாப்புத் திருத்தங்களும் அவரைச் சென்றடையா. மற்ற எல்லாருக்கும் கெர்னல் எளிமையானதற்கு அவர் கொடுத்த விலை அது.