குஞ்சைக் காத்தால் கோழியும் வாத்தும் காசு தரும்

வீட்டுப் புறக்கடையில் ஐந்தாறு நாட்டுக்கோழியும் நாலைந்து வாத்தும் வளர்க்கும் சிறு விவசாயக் குடும்பங்களில் வருமானம் குறைவதற்கு முட்டை குறைவது மட்டும் காரணமல்ல. பொரித்த குஞ்சுகள் பிழைக்காமல் போவதே முக்கிய காரணமாகும்.

நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டைகள் இடும். 12 முட்டைகளை அடை வைத்ததில் 9 குஞ்சுகள் பொரித்தன என்று வைத்துக் கொள்வோம். பருந்துக்கு இரண்டு, கீரிக்கு ஒன்று, மழையில் நனைந்து இரண்டு, கழிச்சலில் மூன்று என்று போய்விட்டால் மிஞ்சுவது ஒன்றே. அந்த ஒன்பதில் ஆறைக் காப்பாற்றிவிட்டால், கூடுதலாக ஒரு கோழிகூட வாங்காமலே பலன் ஆறு மடங்காகிறது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும், திடீர் வைத்தியச் செலவுக்கும் வீட்டுப் பெண்கள் கையில் நிற்கும் பணம் இதுவே.

அடை வைத்தல்

அடைக்கு வைக்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்குள் இட்டவையாக இருக்க வேண்டும். கோடையில் 5 நாட்களுக்கு மேற்பட்டவற்றைத் தவிர்ப்பது நலம். கீறல் விழுந்தவை, அழுக்கு படிந்தவை கூடாது. ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டைகள் போதும். ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால், கரு உள்ள முட்டையில் சிவந்த நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாதவற்றை நீக்கிவிடலாம். கோழிக்குஞ்சு 21 நாட்களில் பொரிக்கும்.

நாட்டு வாத்துகள் பெரும்பாலும் சரியாக அடைகாப்பதில்லை. எனவே வாத்து முட்டைகளையும் அடைக்கோழியின் கீழ் வைப்பதே வழக்கம். முட்டை பெரிதாகையால் ஏழெட்டுக்கு மேல் வைக்க வேண்டாம். இவை பொரிக்க 28 நாட்களாகும். வாத்து முட்டைக்கு ஈரப்பதம் அதிகம் தேவை. ஆகவே நாள்தோறும் இளஞ்சூடான நீரை லேசாகத் தெளித்து வர வேண்டும்.

முதல் நான்கு வாரங்கள்

இழப்பு அதிகமாவது இந்தக் காலத்தில்தான். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, காலையும் மாலையும் ஆள் பார்வையில் மட்டும் வெளியே விடுவது நல்லது. தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். 30 குஞ்சுகளுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர் என்றும், விலகி ஓடினால் சூடு அதிகம் என்றும் அறியலாம்.

நொய்யரிசி, உடைத்த கம்பு இவற்றோடு கரையானும் குஞ்சுகளுக்குச் சிறந்த தீவனம். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டுகளைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். செலவில்லாத புரதச் சத்து இது.

கோழி பொரித்த வாத்துக் குஞ்சுகளை உடனே குளத்தில் விடக்கூடாது. தாய் வாத்திடமிருந்து கிடைக்கும் எண்ணெய்ப் பூச்சு இல்லாததால் அவை நனைந்து விறைத்துவிடும். மூன்று, நான்கு வாரங்கள் கழித்தே விட வேண்டும்.

வெள்ளைக் கழிச்சல்

இராணிக்கெட் எனப்படும் இந்நோய் வந்தால் மருந்தில்லை. கோழிகள் சோர்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து திருகி மடியும். ஒரு வாரத்தில் தெருவே காலியாகிவிடலாம். தடுப்பு மருந்து ஒன்றே வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் மறுபடியும் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி எனப் போட வேண்டும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் பலன் கூடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போல் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியுள்ளது.

ஒரு குப்பி மருந்து நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ வரும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி உள்ளவர் தனியாக வாங்கினால் மீதி வீண். எனவே தெருவில் உள்ள பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரே நாளைக் குறித்து, பனிக்கட்டி வைத்த பிளாஸ்கில் மருந்தைக் கொண்டுவந்து எல்லாக் கோழிகளுக்கும் போட்டுவிட வேண்டும். அடுத்த வீட்டுக் கோழிக்குப் போடாவிட்டால் ஆபத்து தம் வீட்டுக்கும்தான்.

நோய் கண்டதும் மீதிக் கோழிகளைச் சந்தைக்கு ஓட்டுவது அடுத்த ஊருக்கு நோயை விற்பதாகும். இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை 15 நாட்கள் தனியே அடைத்து வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

வாத்துக்குத் தனிக் கொட்டில்

வாத்துகள் நீரைச் சிந்திக் கொட்டிலை ஈரமாக்கும். ஈரத்தில் கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் பரவும். ஆகவே இரண்டையும் ஒரே கொட்டிலில் அடைக்கக்கூடாது. குளம் இல்லாவிட்டாலும் வாத்து வளர்க்கலாம். ஆனால் தலை முழுவதும் முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். பெரும்பாலான வாத்துகள் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதன்பின் திறந்துவிட்டால் முட்டை வயலிலும் குளத்திலும் தொலையாது.

அறுவடையான நெல் வயலில் சிந்திய மணிகளையும் நத்தைகளையும் வாத்துகள் மேய்ந்துகொள்ளும். பூச்சி மருந்து தெளித்த வயலில் மட்டும் விடலாகாது. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு வாத்துக்கு விஷம். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்னும் நச்சைத் தாங்கும் சக்தி வாத்துக்கு மிகக் குறைவு. வாத்து பிளேக் நோய்க்கும் தடுப்பூசி உண்டு. அதை எட்டாம் வாரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கோழிகளோ வாத்துகளோ திடீரெனக் கூட்டமாக இறந்தால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கூடுதலாகக் கோழி வாங்க எண்ணும் விவசாயிகள், முதலில் சென்ற ஈட்டில் பொரித்த குஞ்சுகளில் எத்தனை மிஞ்சின என்று கணக்குப் பார்ப்பது நல்லது. வாங்க வைத்த பணத்தில் ஒரு பகுதியைப் பஞ்சாரத்துக்கும் தடுப்பு மருந்துக்கும் செலவிட்டாலே போதும். அடுத்த ஈட்டில் பலன் தெரியும்.