மறதியும் மரபும்

தந்தைக்கு மறதி நோய் கண்டால் மைந்தனுக்கும் அது வந்தே தீருமோ என்னும் அச்சம் பல குடும்பங்களில் உண்டு. அவ்வச்சத்தில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

மூப்பில் ஒருவர் பெயரை மறந்து, சற்றுப் பொறுத்து நினைவு கூர்வது இயல்பே. நாள்தோறும் நடந்த தெருவில் வழி தெரியாது நிற்பதோ நோயின் அறிகுறி. இத்தகைய நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது, ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906இல் எடுத்துரைத்த நோயாகும்.

நினைவாற்றலை ஒரே மரபணு ஆள்வதில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. முதுமையில் வரும் அல்சைமர் நோயைப் பொறுத்தவரை அவற்றுள் முதன்மையானது 'அபோ-ஈ' என்பது. மூளையில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தை ஆக்குவது இதன் பணி. இதற்கு மூன்று வடிவங்கள் உள. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நாம் இரண்டு படிகளைப் பெறுகிறோம். 'நான்கு' என எண்ணிட்ட வடிவத்தைப் பெற்றோரின் மூளையில் அமிலாய்டு என்னும் கசடு எளிதில் தேங்குகிறது. அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை அறிஞர் 1993இல் கண்டனர். ஆயினும், அவ்வடிவம் உடையோர் பலர் நோயின்றி வாழ்கின்றனர். அஃது இல்லாதார் பலர் நோயுறுகின்றனர். ஒரே மரபணுப் பிழையால் நடுவயதிலேயே நோய் வருவது மிகச் சில குடும்பங்களில் மட்டுமே.

மரபுக்கு அப்பால் வாழ்க்கை முறையும் நோயின் வருகையைத் தள்ளிப்போடக்கூடும். ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளரை ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். ஒரே மொழி பேசுவோரைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோருக்கு நாலரை ஆண்டு பிந்தியே நோய் தோன்றியிருந்தது. எழுத்தறியாதவரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஒரு மொழியைப் பேசும்போது மற்றொன்றை அடக்கிவைக்க மூளை இடையறாது உழைக்கிறது. அவ்வுழைப்பே அதற்கு வலுவூட்டுகிறது என்பர். எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பெங்களூர்ப் பிரேசர் டவுன் தமிழருக்கு இச்செய்தி மிக நெருங்கியது. வீட்டில் தமிழும், வெளியில் கன்னடம், உருது, ஆங்கிலமும் அங்கு அன்றாட வழக்கு. பேரக்குழந்தைகளுடன் தமிழிலும் அண்டைவீட்டாருடன் கன்னடத்திலும் உரையாடும் முதியவர் தம் மூளைக்கு வேலை தந்தவராவார். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கும் இது பொருந்தும்.

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துதல், புகையிலையை விலக்குதல், காது மந்தமானால் கருவி பொருத்துதல் ஆகியவையும் துணை செய்யும். பெற்றோரின் மறதி நாளுக்கு நாள் வளர்ந்தால், மூப்பென்று மூடிவைக்காமல், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க.