மீக்கடத்துச் சந்திகளில் இடத்தியல் குவாண்டம் நிலைகள்

மீக்கடத்தி ஒன்று வேறொரு பொருளைத் தொட்டு நிற்கும் இடம் மீக்கடத்துச் சந்தி எனப்படும். பொருளுக்குள் மறைந்திருக்கும் இடத்தியல் குவாண்டம் நிலைகளை அறிய இச்சந்திகள் பயன்படுகின்றன.

இடத்தியல் என்பது வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத பண்புகளைப் பற்றிய கணிதம். குன்னூர்த் தேநீர்க் கடையின் மெதுவடைக்கும் பிடி வைத்த கோப்பைக்கும் அதன் கணக்கில் வேறுபாடில்லை. இரண்டுக்கும் ஒரே துளை. போண்டா வேறு இனம். வடையைப் பிய்க்காமல் அத்துளையை நீக்க முடியாது. சில பொருள்களில் எலக்ட்ரான் அலைகளின் அமைப்பும் இத்தகையதே. சிறு மாசோ குறையோ அதை எளிதில் குலைப்பதில்லை. குவாண்டம் கணினி அமைக்க முயல்வோர் இதை நாடுவது இதனால்தான்.

இவற்றுள் பெரிதும் தேடப்படுவது மயோரானா நிலை. தனக்குத்தானே எதிர்த்துகளாக உள்ள துகள் இருக்கலாம் என எட்டோரே மயோரானா 1937இல் முன்மொழிந்தார். மீக்கடத்துக் கம்பியின் இரு முனைகளில் அதையொத்த நிலை தோன்றலாம் என்று 2001இல் அலெக்சி கித்தாயெவ் காட்டினார்.

2012இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழுவும், இஸ்ரேலின் வைசுமன் நிலையத்தில் மோட்டி ஹைப்ளம் குழுவும் இதைத் தேடி அளந்தன. பின்னவர்களின் கட்டுரைக்கு முதல் ஆசிரியர் அனிந்த்யா தாஸ். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர். இண்டியம் ஆர்சனைடு நானோகம்பியை அலுமினியத்துடன் இணைத்துக் காந்தப்புலத்தில் வைத்தபோது, பூச்சிய மின்னழுத்தத்தில் கடத்துதிறன் முகடாக உயர்ந்தது. அலுமினியம் சுமார் 1.2 கெல்வினுக்குக் கீழேதான் மீக்கடத்தியாகும். உறைபனி விழும் ஊட்டி இரவே ஏறத்தாழ 273 கெல்வின்.

ஆனால் முகடு மட்டும் சான்றாகாது. சாதாரண ஆண்ட்ரீவ் நிலைகளும் அதேபோன்ற முகட்டைத் தரும். மயோரானாவாக இருந்தால் முகட்டின் உயரம் 2e²/h என்ற அளவை எட்ட வேண்டும். அதை எட்டியதாக டெல்ஃப்ட் குழு 2018இல் வெளியிட்ட கட்டுரை, தரவுகள் கையாளப்பட்ட விதம் பற்றிய கேள்விகளுக்குப் பின் 2021இல் திரும்பப் பெறப்பட்டது.

மொகாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் கௌதம் சீட் குழு வேறு வழியில் சென்றது. காட்மியம் ஆர்சனைடு என்ற இடத்தியல் பொருள்மீது கூர்மையான வெள்ளி முனையை அழுத்தியபோது, இரண்டும் மீக்கடத்திகள் அல்ல என்றாலும், தொடும் புள்ளியில் மீக்கடத்தல் தோன்றியது. முடிவு 2016இல் வெளியானது. இத்தகைய நுண் தொடுகையில் மின்னோட்டம் எல்லை மீறினால் போலிக் குறிகள் தோன்றும் என்பதை, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது 2004இல் விளக்கியவர்களுள் சீட்டும் ஒருவர்.