காது கேளாத குட்டியை வாங்கலாமா?

ராஜபாளையம் நாய்க்குட்டி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த ஜாதியாயிற்றே! திண்டுக்கல்லில் ஊருக்கு வெளியே தோட்டம் போட்டு வீடு கட்டிப் போகிறவர்கள் காவலுக்கு இதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் இந்த ஜாதியில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடு. "காது கொஞ்சம் மந்தம்மா, பாதி விலைக்கு எடுத்துக்குங்க" என்று விற்பவர் சொன்னால் என்ன செய்வது?

காரணம் அந்த வெள்ளை நிறம்தான். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். வெள்ளை நாய்கள் சிலவற்றுக்கு அவை அங்கே போய்ச் சேர்வதில்லை. பிறந்த சில வாரத்துக்குள் உள்காது கெட்டுவிடுகிறது. மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. எண்ணெய் காய்ச்சி விட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்க்கும் இதே தொல்லை உண்டு.

வாங்கும் முன் நாமே சோதிக்கலாம். குட்டிக்கு ஆறு வாரமாவது ஆகட்டும். தனியே பிரித்து வையுங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையை மிதிக்கக் கூடாது, அதிர்ச்சி அதற்குத் தெரிந்துவிடும். தூங்கும்போது பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. நீலக்கண் குட்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் கண் திறந்த புதிதில் எல்லாக் குட்டிக்கும் கண் நீலம் பாய்ந்துதான் இருக்கும், அதை வைத்துப் பயப்படாதீர்கள்.

என் நாத்தனார் இப்படி ஒரு குட்டியைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் தவித்தாள். "அண்ணி, என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை" என்று கண் கலங்கினாள். வீட்டில் தவழும் குழந்தை. வேண்டவே வேண்டாம் என்றேன். செவிட்டு நாய் கெட்ட நாய் இல்லை. ஆனால் அது தூங்கும்போது குழந்தை மேலே போய் விழுந்தால், திடுக்கிட்டு எழும் வேகத்தில் பல் பட்டுவிடுமே! அவளுக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான்.

அந்தக் குட்டியை எங்கள் தெருவில் ரிடையரான ஆசிரியர் தம்பதி எடுத்து வந்தார்கள். சுற்றுச்சுவர், கேட் உள்ள வீடு, சின்னப் பிள்ளைகள் கிடையாது. வாசல் விளக்கை இரண்டு தடவை போட்டு அணைத்தால் சோற்றுக்கு ஓடி வருகிறது. எழுப்புவதென்றால் மூக்கருகே கையை நீட்டுகிறார்கள், வாசனையிலேயே விழித்துக்கொள்கிறது. 'வா', 'உட்கார்' எல்லாம் கைஜாடைதான். கயிறு இல்லாமல் தெருவுக்கு விடுவதில்லை. லாரி ஹாரன் அதற்குக் கேட்காதே! திருடன் சுவர் ஏறினாலும் கேட்காது. அதையும் தெரிந்துகொண்டுதான் எடுத்தார்கள்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி மற்ற நாய்களைப் போலவே இதற்கும் உண்டு. குட்டி போட மட்டும் விடக்கூடாது. கால்நடை டாக்டரிடம் சொல்லிக் கருத்தடை செய்துவிட வேண்டும். கூடப் பிறந்த குட்டிகளுக்கு நன்றாகக் காது கேட்டாலும், அவற்றையும் இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.