பரணில் இருக்கும் வந்தியத்தேவன்

சல்லடை போட்டு மில்லிமீட்டர் கணக்கில் ஏலக்காயைப் பிரிக்கிற ஊர் போடிநாயக்கனூர். பச்சை கொஞ்சம் மங்கினால் விலை இறங்கிவிடும். 2019 ஆகஸ்டில் மலைக்கு மேலே கேரளத்துப் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு அது. அதே ஊரில் பழைய புத்தகத்துக்கு மட்டும் ரகம் கிடையாது. நாவல், பத்தாம் வகுப்பு கைடு, தினசரி எல்லாம் ஒரே தராசில்தான்.

பழைய புத்தகம் வேண்டுமென்றால் போடிக்காரர்களுக்கு மதுரைதான். மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில் காலையில் கிளம்பிப் புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே புத்தகம் பொறுக்கிவிட்டு ராத்திரிக்குள் திரும்பலாம். 2010 கடைசியில் அந்த ரயில் நின்றது. அகலப்பாதையில் அது மறுபடி போடிக்கு வர 2023 ஜூன் ஆயிற்று. அதற்குள் மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்துவிட்டன. இடம் மாறினால் என்ன, புத்தகம் அதேதானே என்பார்கள். சரிதான். என் கவலை கடைக்கு வந்து சேர்ந்த புத்தகத்தைப் பற்றியது அல்ல, வராமலே போகிற புத்தகத்தைப் பற்றியது.

அவைதான் பைண்டு வால்யூம்கள். வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியவை. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த, வந்தியத்தேவன் குதிரையேறி வரும் ‘பொன்னியின் செல்வன்’ மணியம் ஓவியங்களோடு, விகடனில் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ கோபுலு கோட்டோடு, குமுதத்துச் சாண்டில்யன். போடியில் பழைய காரைவீட்டுப் பரண்களில் இவை இன்னும் இருக்கின்றன.

அப்படி ஒன்றைப் பழைய பேப்பர் கடையில் புரட்டினேன். முதுகில் சிவப்புக் காலிகோத் துணி. ஸ்டேப்பிள் பின் இருந்த இடமெல்லாம் துருக்கறை. மைதாப் பசையில் பைண்டர் மயில்துத்தம் கலந்திருக்க வேண்டும், ஓரத்தில் பூச்சி அரிப்பே இல்லை. நடுவில் ஒரு வாரம் விடுபட்டிருந்தது. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று. விட்டுப்போன அத்தியாயத்தின் கதைச் சுருக்கம், பேனா மையில், பெண் கையெழுத்து. பக்கத்து வீட்டில் கேட்டு எழுதியிருப்பாரோ என்னவோ. இது எந்தப் பதிப்பகத்திலும் கிடைக்காது.

“வேணும்னா எடுத்துக்கங்கண்ணே. எப்படியும் அட்டையக் கிழிச்சுத்தான் போடுவோம். அட்டைக்கு ஒரு ரேட்டு, பேப்பருக்கு ஒரு ரேட்டு” என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே அடுத்த வால்யூமின் முதுகை உரித்தார். அவர் மேல் தப்பே இல்லை; அவரிடம் கொண்டுவந்து போட்டது நாம்தான்.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் எழுத்து மட்டும் வந்தால் கதைதான் வரும். அந்த வாரத்துப் படம், பக்கத்தின் பின்புறம் இருந்த வாசகர் கடிதம், தைல விளம்பரம் இதெல்லாம் வருமா?

இந்தத் தேனிச் சீமைக்காரர்கள் தொடர்கதைத் தாளின் அருமையை அறியாதவர்களா? போடியிலிருந்து பெரியகுளம் தாண்டிப் போனால் வத்தலக்குண்டு. அந்த ஊர் ராஜமய்யர் எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வரத் தொடங்கியது. தமிழின் ஆரம்பகால நாவலே மாதத் தவணையில் பிறந்ததுதான். சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்த எழுத்தாளர் சி.சு. செல்லப்பா, விற்காத புத்தகங்களைத் தூக்கிச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அந்த மண்ணில் அச்சடித்த தாளைக் கிலோவுக்குப் போடுகிறோம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இதே சமாச்சாரத்தை வேறு மாதிரி பார்த்தார். புத்தகத்தோடு நிற்காமல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நாடக விளம்பரம் என்று ஊர் கழித்துக்கட்டியதை எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகம். அமெரிக்காக்காரன் வந்து விலை சொன்ன பிறகுதான் நமக்கு உறைத்தது என்பது தனிக்கதை.

பத்திரிகைத் தாளுக்கு ஆயுசு குறைவு. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும், பிறகு தொட்டாலே உதிரும். போடியில் மலைச்சாரலின் ஈரப்பதம் வேறு. ஆனால் ஈரத்தைவிட, பூச்சியைவிட நான் பயப்படுவது மார்கழிக் கடைசியைப் பார்த்துத்தான். போகிக்கு முன் பரணைக் காலி செய்கிறார்கள். அப்பா போய்ச் சேர்ந்திருப்பார். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சாக்குகளை இறக்கி வைப்பார். கட்டு கட்டாகப் போகும்.

இந்த வருஷம் சாக்கைக் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யலாம். காலிகோ முதுகு தெரிகிறதை எல்லாம் தனியே எடுத்து வையுங்கள். முதல் பக்கத்தை போனில் படம் பிடித்து ஏதாவது ஓர் ஆவண நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை பேப்பர்காரரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.