வீடு வாங்கி விற்பதன் சட்ட நடைமுறை: திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிகளை முன்வைத்து

வீடு வாங்குபவர் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று மனை, மற்றொன்று அதன் மேல் நிற்கும் கட்டடம். பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் ஒருவரே உரிமையாளர் என்பதால் இந்த வேறுபாடு யாருக்கும் தோன்றுவதில்லை. திருச்சிராப்பள்ளியின் புத்தூரில் ஒருவர் வீட்டை விற்றால் பொதுவாக மனையையும் சேர்த்தே விற்கிறார். அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளுக்கோ சித்திரை வீதிகளுக்கோ சென்றால், வீடு குடியிருப்பவருடையது என்றாலும் மனை யாருடையது என்ற கேள்வி எழுகிறது. வீடு விற்பனை பற்றிய சட்டங்களைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி நல்ல தொடக்கம்.

அடிப்படைச் சட்டங்கள்

விற்பனை என்றால் என்ன என்பதை 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவில் வரையறுக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். சார்பதிவாளர் பதிவு செய்வது ஆவணத்தை மட்டுமே. விற்றவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்தது என்று அவர் சான்றளிப்பதில்லை. இல்லாத உரிமையை விற்ற பத்திரம் பதிவாகிவிட்டாலும் வாங்கியவருக்கு உரிமை வந்துவிடாது. எனவே உரிமையை ஆராயும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

உரிமையை ஆராய்தல்

முதலில் பார்க்க வேண்டியது மூலப் பத்திரம். இப்போதைய உரிமையாளருக்குச் சொத்து யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று முப்பது ஆண்டுகளுக்காவது பின்னோக்கிச் செல்வது வழக்கறிஞர்களின் வழக்கம். அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அசல் இல்லை, நகல்தான் இருக்கிறது என்றால் அது எங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வில்லங்கம் 'சுத்தமாக' இருக்கிறது என்று கேட்டதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதிவு செய்யாத உயில் தெரியாது, ஏனெனில் உயிலைப் பதிவது கட்டாயமில்லை. நிலுவையில் உள்ள வழக்கு பெரும்பாலும் தெரியாது. வாரிசுகளின் பங்கும் தெரியாது.

வாரிசுப் பங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புத்தூர் போன்ற பழைய குடியிருப்புகளில் தந்தை, பாட்டனார் பெயரில் உள்ள வீடுகளை மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்க வருவது இன்றும் நடக்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் இது பாதிக்காது. "தங்கைக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்ற பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. தங்கையும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் தந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வருவாய்த் துறையின் பதிவு. கிராமங்களில் பட்டா, நகரங்களில் நகர நில அளவைப் பதிவேடு. பட்டா மட்டும் சொத்துரிமைக்கான இறுதிச் சான்று அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆயினும் பத்திரத்தில் ஒருவர் பெயரும் வருவாய்ப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருந்தால், காரணம் தெரியாமல் முன்பணம் தரக்கூடாது.

அடிமனை: ஸ்ரீரங்கத்தின் சிக்கல்

அரங்கநாத சுவாமி கோயில் ஏழு திருச்சுற்றுகளைக் கொண்டது. வெளிச் சுற்றுகளில் தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருக்கின்றனர். இங்குள்ள வீடுகள் பாகப்பிரிவினை ஆகியிருக்கின்றன, விற்கப்பட்டிருக்கின்றன, அடமானம் வைக்கப்பட்டிருக்கின்றன, பத்திரங்களும் பதிவாகியிருக்கின்றன. பின்னர், ஸ்ரீரங்கத்தில் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கோயிலுக்குரியது என்று நிர்வாகம் உரிமை கோரியதைத் தொடர்ந்து பத்திரப் பதிவு நின்றது. உள்ளூரில் இதை 'அடிமனைப் பிரச்சினை' என்பர். வழக்குகள் நடந்தன, தேர்தல்தோறும் வாக்குறுதிகளும் வந்தன.

பதிவு நின்றால் என்ன ஆகும்? வீட்டில் குடியிருக்கலாம். ஆனால் மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அதை விற்க முடியாது. வங்கி கடன் தராது.

கோயில் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழகம் எங்கும் கோயில் நிலங்கள் பலவிதங்களில் கைமாறிப் போயிருப்பதால்தான் சட்டம் கடுமையாக உள்ளது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையரின் ஒப்புதலின்றிக் கோயில் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. கோயில் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்கிறது 109ஆம் பிரிவு. ஆகவே "நூறு வருஷமாக இங்கேதான் இருக்கிறோம்" என்பது மட்டும் போதிய வாதமாகாது.

பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-அ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு, உள்ளாட்சி, கோயில், வக்ஃபு ஆகியவற்றின் சொத்துகளை உரிய அனுமதியின்றி விற்கும் ஆவணத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்ரீரங்கம் வட்டத்தைச் சேர்ந்த திருச்செந்துறையில் 2022 செப்டம்பரில் இது வேறு வடிவில் வெளிப்பட்டது. தம் நிலத்தை விற்கச் சென்ற ஒருவரிடம் வக்ஃபு வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்கப்பட்டது. கிராமமே அதிர்ந்தது. அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்திய பின் பழையபடி பதிவு செய்ய வழி ஏற்பட்டது. நாடாளுமன்ற விவாதம் வரை சென்ற இந்த நிகழ்ச்சியில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அவருக்குத் தடை இருப்பதே விற்கப் போன அன்றுதான் தெரிந்தது.

ஆட்சேபக் கடிதம் வந்தவுடன் கதவை மூடிவிட முடியாது. இரு தரப்பையும் விசாரித்தே முடிவெடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் வழிகாட்டியுள்ளது. மறுப்பைச் சார்பதிவாளர் காரணத்துடன் எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாக "முடியாது, போங்கள்" என்றால் மேல்முறையீட்டுக்குக் கையில் எதுவும் இருக்காது. எனவே எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

கோயில் இருக்கும் ஊர் எதிலும் மனை வாங்குவோர் முன்பணம் தருவதற்கு முன்பே, அந்தச் சர்வே எண்ணுக்குத் தடை ஏதும் உள்ளதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

ஒப்பந்தமும் பதிவும்

விலை பேசியதும் எழுதப்படும் விற்பனை ஒப்பந்தம் சொத்தில் உரிமை எதையும் தருவதில்லை. பத்திரம் எழுதித் தருமாறு கேட்கும் உரிமையை மட்டுமே தருகிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஆனாலும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் குறையவில்லை. பொது அதிகார ஆவணத்தை வைத்துக்கொண்டு வீட்டை வாங்கிவிட்டதாக நினைப்பதும் தவறு. அவ்வகை ஏற்பாடு உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு இரண்டும் சேர்ந்து நான்கரை லட்சம் ஆகும். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்துக்கு, விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்துவதும் வாங்குபவரின் கடமை. பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாக விலை காட்டினால் கட்டணம் குறையாது.

எழுதிக் கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அடுக்குமாடி வீடு என்றால் நிலத்தில் பிரிபடாத பாகம் எவ்வளவு என்பது பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டடம் ஒருநாள் இடியும், மிஞ்சுவது அந்தப் பாகம்தான்.

பதிவுக்குப் பின்

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று அலமாரியில் வைத்துவிடுவோர் ஏராளம். பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டில் பெயர் மாற்றம், மாநகராட்சியில் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றம் எல்லாம் பாக்கி இருக்கும். முதலில் வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு, புதிய பெயர் ஏறிய நகலை வாங்கிப் பத்திரத்துடன் சேர்த்து வைக்க வேண்டும்.